ஸ்டார்ட்டர் கேள்விகள்: விருந்து அடுப்படியிலேயே முடிந்துவிடாமல் இருக்க

20 பேரை வீட்டுக்கு அழைத்திருக்கிறேன். சாப்பாட்டுக்கு முன் கொறிக்கக் கொடுக்கும் ஸ்டார்ட்டர் எத்தனை வகை செய்யலாம், எவ்வளவு செய்யலாம்?

பின்னால் சாப்பாடு உண்டா என்று சொல்லவில்லையே! கணக்கு முழுக்க அதில்தான் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் இலையோ தட்டோ போடப்போகிறீர்கள் என்றால் ஆளுக்கு 4 முதல் 6 துண்டு போதும். 20 பேருக்கு 100 துண்டு செய்தால் சரியாக இருக்கும். கொறிப்பதுதான் விருந்தே என்றால் ஆளுக்கு 10, 12 வரை போகும். அப்போது 240 வரை தயாராக வேண்டும்.

வகை நான்குக்கு மேல் வேண்டாம். அதிலும் கடைசி நேரத்தில் அடுப்பருகே நிற்கவைப்பது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். இன்னொன்று முந்தைய நாளே முடிந்துவிடும், தொட்டுக்கொள்ளும் டிப். மூன்றாவது, ஓவனுக்குள் தள்ளிவிட்டால் தானே வெந்துகொள்வது. நான்காவது சமையலே கேட்காத காய், பழம், சீஸ். எண்ணெயில் பொரிக்கும் வகை இரண்டை வைத்துக்கொண்டால் அழைப்பு மணி அடிக்கும்போது மாவுக் கையோடுதான் கதவைத் திறப்பீர்கள். நான் திறந்திருக்கிறேன், வந்தவர்களே பாவப்பட்டு கரண்டியை வாங்கிக்கொண்டார்கள்.

காலையில் பொரித்த கட்லெட் மாலைக்குள் நமத்துப்போகிறது. மைக்ரோவேவில் வைத்தால் இன்னும் மோசம். என்னதான் செய்வது?

காலையில் பொரிக்காமல் இருப்பதுதான் முதல் வழி. பொரிக்கும்போது மேலோட்டின் நீர் ஆவியாகி வெளியேறுவதால் மொறுமொறுப்பு வருகிறது. ஆறிய பிறகு நடுவில் இருக்கும் ஈரம் மெல்ல மேலே ஊர்ந்து வந்து மேலோட்டை நனைத்துவிடும். மைக்ரோவேவ் அந்த ஈரத்தை ஆவியாக்கி வெளியே தள்ளும். ஆனால் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்காது. ஆகவே வந்த ஈரம் உலராமல் மேலேயே தங்கிவிடுகிறது.

முந்தைய நாளே உருட்டித் தட்டி, பிரெட் தூளில் புரட்டி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். இறுகியதும் பைக்கு மாற்றலாம். விருந்தன்று உருகவிடாமல் அப்படியே எண்ணெயில் போடுங்கள். உருகவிட்டால் மேல்பூச்சு சொதசொதவென்று உரிந்துவிடும். மேலே ஒட்டிய பனித்துகளை மட்டும் தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் தெறிக்கும். கட்லெட் 1.5 செ.மீ.க்கு மேல் தடித்தால் வெளியே கருகி உள்ளே ஜில்லென்று இருக்கும். உள்ளே வைக்கும் மசியலில் வேகாத இறைச்சி இருக்கக் கூடாது. எல்லாம் முன்பே வெந்ததாக இருக்க வேண்டும்.

எண்ணெய் 170 முதல் 180 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லையென்றால் சிறு பிரெட் துண்டைப் போட்டுப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் பொன்னிறமானால் சரி. ஒரு ஈட்டுக்கு நாலைந்துதான். வாணலியை நிரப்பினால் சூடு இறங்கி, கட்லெட் எண்ணெய் குடித்துவிடும். எடுத்ததைக் காகிதத்தில் குவிக்காமல் கம்பித் தட்டில் பரப்புங்கள். மூடி போட்டு 'சூடாக' வைப்பதாக நினைத்துக்கொண்டு பலர் செய்வது ஆவியில் வேகவைக்கிற வேலைதான்.

ஏற்கெனவே பொரித்துவிட்டீர்களா? 200 டிகிரி ஓவனில் 8, 10 நிமிடம். ஏர் ஃப்ரையரும் பரவாயில்லை. புதிதாகப் பொரித்தது போல வராது, ஆனாலும் மானம் காப்பாற்றும்.

தக்காளி வைத்த டோஸ்ட் பத்தே நிமிடத்தில் ஊறிப்போகிறது.

மூன்று இடத்தில் தண்ணீரை மறிக்க வேண்டும். பிரெட்டை இரண்டு பக்கமும் நன்கு காயும்வரை வாட்டுங்கள். தக்காளியின் விதைப்பகுதியை எடுத்துவிட்டு நறுக்கி, உப்புப் போட்டு கால் மணி நேரம் வடிகட்டியில் வையுங்கள். விடுகிற தண்ணீரைப் பார்த்தால் டோஸ்ட் ஏன் ஊறியது என்று புரியும். பிறகு பிரெட்டின் மேல் வெண்ணெய் அல்லது கிரீம் சீஸ் மெல்லிய பூச்சு. கொழுப்பு ஈரத்தை இறங்கவிடாது. இவ்வளவும் செய்தாலும் பரிமாறுவதற்குச் சற்று முன்புதான் அடுக்க வேண்டும். அல்லது டோஸ்டை ஒரு தட்டிலும் தக்காளியைக் கிண்ணத்திலும் வைத்துவிடுங்கள். அவரவர் எடுத்து வைத்துக்கொள்வார்கள், பேச்சும் தானாக நடக்கும்.

தயிர் டிப், முட்டை, இறைச்சி எல்லாம் மேஜையில் எவ்வளவு நேரம் இருக்கலாம்?

இரண்டு மணி நேரம். அறை வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரே மணி நேரம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். நேரம் கடந்ததை மறுபடி சூடாக்கி மீட்கலாம் என்று நினைக்காதீர்கள். சில கிருமிகள் விட்டுவைக்கும் நச்சு சூட்டுக்கு அசையாது. பெரிய பாத்திரத்தில் மொத்தமாக வைக்காமல் சிறு கிண்ணங்களில் வைத்து, தீரத் தீர ஃப்ரிட்ஜிலிருந்து புதுக் கிண்ணம் எடுத்து வையுங்கள். பழைய கிண்ணத்தின் மேலேயே கொட்டி நிரப்புவது வேண்டாம்.

பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு அடுப்பு மேடையில் நாட்கணக்கில் வைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். காற்றுப் புகாத எண்ணெய்க்குள், பொட்டுலிசம் என்ற கடுமையான நோயைத் தரும் நச்சு உருவாகலாம்.

விருந்தினர் ஒருவருக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது. அதை மட்டும் தனித் தட்டில் வைத்தால் போதாதா?

போதாது. கரண்டி மாறும், கை மாறும், பொரித்த எண்ணெய் பொதுவாக இருக்கும். ஒரு நாள் வேர்க்கடலை இல்லாமல் எந்த விருந்தும் கெட்டுப்போகாது, வீட்டில் எடுக்கவே வேண்டாம். வாங்கிய சாஸ், பிஸ்கட் அட்டைகளையும் படித்துப் பாருங்கள். சின்னக் குழந்தைகள் வருவதாக இருந்தால் முழுக் கொட்டைகள் எதுவுமே அவர்கள் கைக்கு எட்டக் கூடாது. திராட்சையை நீளவாக்கில் கீறிக் கொடுங்கள்.

வேகவைத்த முட்டை உரிக்கும்போது குதறிப்போகிறது.

ஒரு வாரம் பழைய முட்டை வாங்குங்கள். புது முட்டையில் வெள்ளைக்கரு உள்தோலோடு ஒட்டிக்கொள்ளும். கொதிக்கும் நீரில் மெதுவாக இறக்கி 11 நிமிடம், உடனே ஐஸ் தண்ணீர். அகன்ற முனையில் தட்டி, நீருக்கு அடியிலேயே உரியுங்கள். நாலைந்து முட்டை கூடுதலாகவே போடுங்கள், எப்படியும் ஒன்றிரண்டு குதறும். அவை சமைத்தவருக்கு.