பழைய பந்தயக் கார்களின் தகுதி விதிகள்: கேள்வி பதில்

கேள்வி: என் நண்பரிடம் 1964-ஆம் ஆண்டு தயாரான கார் ஒன்று இருக்கிறது. அறுபது வயதைக் கடந்தது என்பதற்காகவே அதை ஐரோப்பாவின் பழங்கார் பந்தயங்களில் ஓட்ட விடுவார்களா?

பதில்: விட மாட்டார்கள். உலக மோட்டார் பந்தயங்களை நெறிப்படுத்தும் அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் பன்னாட்டு விளையாட்டு விதித் தொகுப்பில் உள்ள பின்னிணைப்பு ‘கே’ காரின் வயதைப் பார்ப்பதில்லை. அதன் அமைப்பு எந்தக் காலத்துக்கு உரியது என்பதையே பார்க்கிறது. 1947 முதல் 1961 வரை ‘இ’ காலம், 1962 முதல் 1965 வரை ‘எஃப்’, 1966 முதல் 1969 வரை ‘ஜி1’ என்று பிரித்திருக்கிறார்கள் (ஒற்றை இருக்கைக் கார்களுக்கு எல்லைகள் சற்று மாறும்). தங்கள் நண்பரின் கார் 1964-இல் பிறந்ததாயினும், 1968-இல்தான் முதன்முதலாக வந்த பாகம் ஒன்று அதில் பூட்டப்பட்டிருந்தால், ‘எஃப்’ காலத்துக் கார்களோடு அது நிற்க முடியாது.

கேள்வி: பழைய காரின் முன்சக்கரங்களுக்கு டிரம் பிரேக்கை மாற்றி டிஸ்க் பிரேக் போட்டால் பாதுகாப்புதானே கூடுகிறது? அதை ஏன் மறுக்கிறார்கள்?

பதில்: பாதுகாப்போடு வேகமும் கூடிவிடுகிறது என்பதுதான் சிக்கல். ஜாகுவார் சி-டைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1951-இல் பிரான்சின் 24 மணி நேரப் பந்தயமான லெ மான்ஸை டிரம் பிரேக்குடன் வென்ற அதே மாடல், 1953-இல் டிஸ்க் பிரேக்குடன் மீண்டும் வென்றது. ஆகவே சி-டைப்புக்கு டிஸ்க் பிரேக் என்பது அக்காலத்து அமைப்பே. அதே ஆண்டுகளில் டிரம் பிரேக்குடன் மட்டுமே ஓடிய வேறொரு மாடலின் உரிமையாளர், “ஜாகுவாரில் இருந்ததே” என்று வாதாட இடமில்லை. அந்த மாடலே, அந்தக் காலத்திலேயே, பன்னாட்டுப் போட்டியில் அப்படி ஓடியதென்று அவர்தான் மெய்ப்பிக்க வேண்டும். ஹோமோலோகேஷன் படிவம் (ஒரு மாடலின் அமைப்பைப் பந்தயத்துக்கு ஏற்றதாக எஃப்.ஐ.ஏ. பதிவுசெய்த ஆவணம்), தொழிற்சாலை ஆவணம், அக்காலப் பத்திரிகைக் குறிப்பு ஆகியவை சான்றாகும். புகைப்படமும் உதவும், ஆனால் பந்தயக் களத்தில் நின்ற காரை எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் கியர்பாக்ஸுக்குள் என்ன இருந்ததென்று சொல்லாது.

கேள்வி: அப்படியானால் ரோல் பார் (கார் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் குழாய்ச் சட்டம்), சீட் பெல்ட் எல்லாம்?

பதில்: அவை விதிவிலக்கு. அக்காலத்தில் இல்லாவிட்டாலும் விதி கேட்கும் இடத்தில் பொருத்தியே ஆக வேண்டும்.

கேள்வி: ஜிடி (கிராண்ட் டூரிங்) பிரிவுக்கு நூறு கார்கள் தயாராகியிருக்க வேண்டும். ஃபெராரி 250 ஜிடிஓ அவ்வளவுகூடத் தயாராகவில்லையே, பிறகு எப்படி அந்தப் பிரிவில் ஓடியது?

பதில்: 1962 முதல் 1964 வரை முப்பத்தாறு கார்களே தயாராயின என்பது பொதுவான கணக்கு. அது புதிய மாடல் அன்று, ஏற்கெனவே பதிவான 250 ஜிடியின் மாற்று வடிவமே என்று ஃபெராரி வாதிட்டது, எஃப்.ஐ.ஏ.வும் ஏற்றது. அது சாமர்த்தியமா குறுக்குவழியா என்று இன்றும் பேசுகிறார்கள். என் பார்வையில் இரண்டும்தான். எப்படியிருந்தாலும் அன்று ஏற்கப்பட்ட படிவத்தை இன்றைய பரிசோதகர் மறுவிசாரணை செய்வதில்லை.

கேள்வி: ஐயா, பழங்கார்களுக்கு எஃப்.ஐ.ஏ. முறையில் வழங்கப்படும், எச்.டி.பி. எனப்படும் தொழில்நுட்பப் பாஸ்போர்ட் கையில் இருந்தால் கார் அசல் என்றுதானே பொருள்?

பதில்: பலரும் இங்கேதான் பணத்தை இழக்கிறார்கள். காரின் அமைப்பு அக்காலத்துக்கு ஒத்தது என்பதை மட்டுமே அந்தப் பாஸ்போர்ட் சொல்கிறது. அந்தக் காரின் வரலாற்றுக்கு அது உத்தரவாதம் அன்று. புதிதாகக் கட்டிய காரும் அமைப்பு சரியாக இருந்தால் அதைப் பெற முடியும்.

அசல் என்பதே எளிதில் பிடிபடாத சொல். 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் லெ மான்ஸில் வென்ற பென்ட்லி ஸ்பீடு சிக்ஸ், ‘ஓல்டு நம்பர் ஒன்’, பின்னர் எட்டு லிட்டர் எஞ்சினுக்கு மாறி, 1932-இல் இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடத்தில் அதை ஓட்டிய கிளைவ் டன்ஃபீ உயிரிழந்த விபத்தில் சிதைந்து, அதன்பின் வேறு உடலும் பெற்றது. 1990-இல் அதன் விற்பனை பற்றிய வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, லெ மான்ஸில் ஓடிய பாகங்களில் மிகச் சிலவே எஞ்சியிருந்தும், மாறிக்கொண்டே வந்த அந்தக் காரின் வரலாறு அறுபடவில்லை என்பதால் அந்தப் பெயர் அதற்கே உரியது என்று நீதிபதி தீர்ப்பளித்தார். பாகங்களை மட்டும் எண்ணியிருந்தால் அந்தத் தீர்ப்பு வந்திருக்காது.

கேள்வி: பாஸ்போர்ட் கிடைத்துவிட்டால் இங்கிலாந்தின் பழங்கார் பந்தய விழாவான குட்வுட் ரிவைவலில் ஓடலாமா?

பதில்: அங்கே அழைப்பு வந்தால்தான் ஓட முடியும். இத்தாலியின் பழங்கார் ஓட்டமான மில்லே மிலியாவுக்கோ 1927 முதல் 1957 வரை நடந்த மூலப் பந்தயத்தில் அந்த மாடல் பங்கேற்றிருக்க வேண்டும்.