மினுமினுக்கும் பெயின்டை நம்பலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. 1972ஆம் வருட எம்ஜிபி ரோட்ஸ்டர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, சிவப்பு நிறம், பளபளவென்று இருக்கிறது. "முழுசாக ரீஸ்டோர் செய்தது" என்கிறார் விற்பவர். எனக்கு மெக்கானிக் வேலை ஒன்றும் தெரியாது. உள்ளே துரு இருக்கிறதா என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பெயின்டை விடுங்கள், முதலில் கதவைப் பாருங்கள். எம்ஜிபிக்குத் தனியாக சேஸிஸ் கிடையாது, பாடிதான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. ரோட்ஸ்டரில் தகர மேற்கூரையும் இல்லாததால், கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீளமாக ஓடும் பெட்டி மாதிரியான பகுதிதான் காரைத் தொய்யாமல் பிடித்துவைக்கிறது. சில் என்பார்கள். பல தகரங்களைச் சேர்த்து வெல்டிங் செய்தது, உள்ளே வெற்றிடம். குளிர்காலத்தில் அங்கே சாலையில் கொட்டுகிற உப்பு தண்ணீரோடு கலந்து அதற்குள் போய்த் தங்கிவிடும், அப்புறம் உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். வெளியே பெயின்டில் சின்னதாய் ஒரு கொப்புளம் தெரிகிற நேரத்தில் உள்ளே பாதி போயிருக்கும்.

சில் உளுத்துப்போனால் கார் நடுவில் லேசாகத் தொய்யும். கதவை மூடிவிட்டு அதன் பின்பக்கத்து இடைவெளியைக் கவனியுங்கள்: மேலே நெருங்கியும் கீழே அகலமாயும் இருந்தால் சந்தேகப்படலாம். அடுத்து, ஜாக்கி வைக்க வேண்டிய இடத்திலேயே வைத்து ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தூக்கச் சொல்லுங்கள், தூக்கியபடியே கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு சிக்கினாலோ, இடைவெளி மாறினாலோ, ஜாக்கி வைத்த இடத்தில் நொறுநொறுவென்று சத்தம் கேட்டாலோ நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஜாக்கி வைக்கவே அவர் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள்.

பூசி மெழுகுவது என்பது இந்தத் தொழிலில் நிஜமாகவே நடக்கும். ஓட்டையில் பட்டி வைத்துத் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஃபிரிட்ஜில் ஒட்டுகிற சின்ன காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு போங்கள், பெயின்டில் கீறல் விழாது. சில், முன் மட்கார்டின் கீழ்ப்பகுதி, பின்சக்கரத்தின் மேல் வளைவு என்று மெதுவாக நகர்த்துங்கள். எங்கே பிடிக்காமல் நழுவுகிறதோ அங்கே தகரம் இல்லை, பட்டிதான் இருக்கிறது. சில்லை மாற்றியிருப்பதாகச் சொன்னால், வேலை நடந்தபோது எடுத்த படங்களைக் கேளுங்கள். முறையாக மாற்ற வேண்டுமானால் முன் மட்கார்டைக் கழற்றவோ அதன் கீழ்ப்பகுதியை வெட்டவோ வேண்டும். அவ்வளவு பாடுபட்டவர் படம் எடுக்காமல் இருக்கமாட்டார். பழைய துருவின் மேலேயே புதுத் தகரத்தை வைத்து ஒட்டியவரிடம் படம் இருக்காது.

சீட்டுக்குப் பின்னால், தரைக்குக் கீழே பேட்டரிப் பெட்டிகள் உண்டு. அந்த வருட வண்டியில் 6 வோல்ட் பேட்டரி இரண்டு, ஆசிட் சிந்திச் சிந்தியே பெட்டியின் அடி ஓட்டையாகிவிடும். பின் ஸ்பிரிங் பட்டை பாடியோடு சேருகிற இடங்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கதவின் மேல் ஓரத்தில், சின்ன முக்கோணக் கண்ணாடிக்குக் கீழே ஒரு கோடு மாதிரி விரிசல் இருந்தால் பயப்பட வேண்டாம், அது துரு இல்லை, எம்ஜிபிக்கே உரிய பழைய வியாதி.

வீட்டிலிருந்தே ஒரு வேலை செய்யலாம். 40 வயது தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத கார்களுக்கு பிரிட்டனில், வண்டி சாலையில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் வருடாந்திர எம்ஓடி சோதனை 2018லிருந்து கட்டாயமில்லை. ஆனாலும் பழைய சோதனை விவரங்கள் அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, நம்பர் பிளேட் எண் போதும். எந்த வருடம் எந்த இடத்தில் துரு என்று எழுதி ஃபெயில் செய்தார்கள் என்பதெல்லாம் இருக்கும். அடுத்த வருடமே அந்தக் குறை காணாமல் போயிருந்தால், யார் சரிசெய்தது, பில் எங்கே என்று கேளுங்கள்.

எஞ்சினில் கோளாறு என்றால் சமாளித்துவிடலாம், பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. பாடி வேலை அப்படியில்லை, சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் கதைதான்.

கேள்வி: என்னிடம் ஏற்கெனவே எம்ஜிபி இருக்கிறது. மழை பெய்தால் கால் வைக்கிற இடத்து கார்ப்பெட் ஈரமாகிவிடுகிறது. துணிக்கூரையைப் புதிதாக மாற்றியும் நிற்கவில்லை. (வாசகர், மான்செஸ்டர்)

பதில்: கூரை மேல் பழி போடுவதற்கு முன் பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கும் காற்றுச் சல்லடையைப் பாருங்கள். அதன் வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் ஒரு ரப்பர் டியூப் மூலம் கீழே வடிய வேண்டும். சருகும் மண்ணும் அதை அடைத்துவிட்டால் தண்ணீர் ஹீட்டர் வழியாக உள்ளே வரும். சல்லடையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு, காருக்கு அடியில் உடனே கொட்டுகிறதா என்று பாருங்கள். ஈரம் பிசுபிசுவென்று, இனிப்பு வாசனையோடு இருந்தால் மழைத்தண்ணீர் இல்லை, ஹீட்டரிலிருந்து கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கிற திரவம், கசிகிறது. கிளட்ச் பெடலுக்கு நேர் கீழே மட்டும் எண்ணெய்ப் பசையாக ஈரம் இருந்தால், கிளட்சை இயக்கும் திரவம் இருக்கிற மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது, அதை உடனே கவனியுங்கள், அந்த திரவம் பெயின்டையே உரித்துவிடும். எதுவானாலும் கார்ப்பெட்டை முழுசாக எடுத்துக் காயவையுங்கள். ஈரத்தோடு விட்டால் தரைத்தகரம் மேலிருந்தே துருப்பிடிக்கும்.

கேள்வி: (அதே லெஸ்டர் வாசகர்) அடியில் ஆயில் சொட்டுகிறது. "பழைய பிரிட்டிஷ் கார் என்றால் அப்படித்தான்" என்கிறாரே விற்பவர்?

பதில்: ஓரளவு உண்மை, ஆனால் அந்த ஒரு வரியைச் சொல்லியே நிறைய வண்டிகளைத் தலையில் கட்டிவிடுகிறார்கள். எஞ்சின் மேல் மூடி, பக்கவாட்டு மூடி இவற்றின் கேஸ்கெட்டில் கசிந்தால் சில்லறைச் செலவு. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் சொட்டினால் பின்பக்க ஆயில் சீலாக இருக்கலாம், எஞ்சினை இறக்கித்தான் மாற்ற முடியும், அதை விலையில் கழியுங்கள். பின்சக்கரத்தின் உள்பக்கம் ஆயில் வழிந்திருந்தால் பிரேக்கிலும் பட்டிருக்கும், ஓட்டிப் பார்க்கவே வேண்டாம். இன்னொன்று, பெட்ரோல் டேங்க் மேல்பக்கத்தில்தான் அதிகம் துருப்பிடிக்கும், டிக்கித் தரைக்கும் டேங்குக்கும் நடுவில் ஈரமண் தங்குவதால். பாதி டேங்கோடு ஓட்டினால் தெரியாது, நிரப்பினால்தான் வாசனை வரும். பார்க்கப் போகிற அன்றைக்கு டேங்கை நிரப்பி வைக்கச் சொல்லுங்கள், பெட்ரோல் காசை நீங்களே கொடுத்தாலும் பரவாயில்லை.