யூஎஸ்பி வைஃபை அடாப்டர்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

ஒரு பாலிடெக்னிக் கம்ப்யூட்டர் லேபில் 14 வருடம் வேலை பார்த்தவன் நான். என் மேஜை டிராயரைத் திறந்தால் இன்னும் ஒரு கைப்பிடி யூஎஸ்பி வைஃபை அடாப்டர்கள் கிடக்கும். பாதி வேலை செய்யும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் டிரைவர் (அடாப்டரை இயக்கும் மென்பொருள்) போடுவது பற்றி இன்று எதையும் கேட்கலாம். ஒரே வேண்டுகோள்: உள்ளே இருக்கும் சிப்செட் (சிப்) என்ன என்று பார்த்துக்கொண்டு வந்து கேளுங்கள்.

விருதுநகர் மாணவர்: அண்ணா, சின்னதா ஒரு யூஎஸ்பி வைஃபை 250 ரூபாய்க்கு வாங்கினேன். செருகினால் வைஃபை வரவில்லை. டிரைவர் லிங்க் இருந்தால் அனுப்புங்கள்.

தம்பி, வேண்டுகோள் வைத்த மை இன்னும் காயவில்லை! 'சின்னதா ஒரு யூஎஸ்பி வைஃபை' என்றால், 'சிவப்பா ஒரு பஸ், எந்த ஊருக்குப் போகும்?' என்று கேட்பது மாதிரி.

அடாப்டர் மேல் அச்சடித்த பெயர் வேறு, உள்ளே உட்கார்ந்திருக்கும் சிப் வேறு. டிரைவர் அந்தச் சிப்புக்குத்தான். கடையில் நூறு பெயர்களில் அடாப்டர் கிடைக்கும். சிப் செய்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் ரியல்டெக் அல்லது மீடியாடெக்தான். பழைய ராலிங்க்கும் மீடியாடெக்கும் ஒன்றுதான்; 2011-ல் மீடியாடெக் அதை வாங்கிவிட்டது.

எண்ணைப் பார்ப்பது இப்படி. அடாப்டரைச் செருகுங்கள். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். மஞ்சள் முக்கோணத்தோடு ஏதாவது நிற்கும். '802.11என் என்ஐசி' என்று பெயர் இருந்தால் அதுதான் ஆள். அதன் ப்ராப்பர்ட்டீஸில் டீடெய்ல்ஸ் டேப், அதில் ஹார்ட்வேர் ஐடி. விஐடி (கம்பெனி எண்) என்று நான்கு எழுத்தும் பிஐடி (பொருள் எண்) என்று நான்கு எழுத்தும் இருக்கும். விஐடி 0பிடிஏ என்றால் ரியல்டெக். கூடவே பிஐடி 8179 என்று இருந்தால் 8188இயூஎஸ் சிப். 148எஃப், 7601 என்றால் மீடியாடெக்கின் 7601. லினக்ஸில் இதே எண்களை 'எல்எஸ்யூஎஸ்பி' கட்டளை ஒரே வரியில் காட்டும்.

பெயரை ஏன் நம்பக்கூடாது என்றால், டிபி-லிங்க்கின் 722என் மாடலையே பாருங்கள். முதல் வெர்ஷனில் ஏதெரோஸ் சிப் இருந்தது. இரண்டாவது வெர்ஷனில் ரியல்டெக் வந்துவிட்டது. பெயர் மாறவில்லை, ஆன்டெனாவும் மாறவில்லை. ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் வெர்ஷன் எண் மட்டும் வேறு. ஒன்றின் டிரைவர் இன்னொன்றுக்கு ஏறாது. எங்கள் லேபுக்கு ஒருமுறை ஒரே பெட்டியில் 10 அடாப்டர் வாங்கினோம், வேறொரு கம்பெனியுடையது. ஏழு ஒரே டிரைவரில் ஏறின. மூன்று அடம்பிடித்தன. அரை நாள் மல்லுக்கட்டிவிட்டு, நகத்தால் மூடியை நெம்பிப் பார்த்தேன். ஏழில் ஒரு சிப், மூன்றில் வேறு சிப். பிளாஸ்டிக் மட்டும் அச்சு அசல் ஒன்றே.

எண்ணோடு வாருங்கள் தம்பி, பார்ப்போம்.

சேலத்திலிருந்து ஒருவர்: செருகியதும் மை கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு சிடி டிரைவ் வருகிறது. வைரஸா?

இல்லை. டிரைவரை அடாப்டருக்குள்ளேயே வைத்துத் தந்திருக்கிறார்கள். முதலில் தன்னை ஒரு சிடி என்று காட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கும் செட்டப்பை ஓட்டி முடித்தால் சிடி மறைந்து வைஃபையாக மாறிவிடும். லினக்ஸில் சில சமயம் சிடியாகவே நின்றுவிடும். எஜெக்ட் கொடுத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் 'யூஎஸ்பி மோட்ஸ்விட்ச்' பேக்கேஜ் போடுங்கள்.

மதுரை இல்லத்தரசி: ரூட்டரில் இரண்டு பெயர் வருகிறது. போனில் இரண்டும் தெரிகிறது. கம்ப்யூட்டரில் '5ஜி' என்று முடியும் பெயர் மட்டும் வரவில்லை. டிரைவர் தப்பா?

டிரைவர் சரிதான். உங்கள் அடாப்டருக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் தெரியும்; '5ஜி' என்று முடியும் பெயர் 5 கிகாஹெர்ட்ஸ். டப்பாவில் '150' அல்லது '300' எம்பிபிஎஸ் என்று மட்டும் போட்டிருந்தால் அநேகமாக அப்படித்தான். எந்த டிரைவர் போட்டாலும் 5 கிகாஹெர்ட்ஸ் வராது, ரேடியோவே உள்ளே கிடையாது. வேண்டுமென்றால் டப்பாவில் 'டூயல் பேண்ட்' என்றோ '802.11ஏசி' என்றோ போட்டதைப் பார்த்து வாங்குங்கள். இந்த 5ஜிக்கும் போன் சிம்மின் 5ஜிக்கும் சம்பந்தம் இல்லை.

கோவையிலிருந்து ஒருவர்: உபுண்டு 22.04. சிப் ரியல்டெக் 8811சியூ. கிட்ஹப்பில் ஒரு டிரைவர் எடுத்து கம்பைல் செய்தேன், அருமையாக ஓடியது. நேற்று அப்டேட் ஆனதும் வைஃபையே காணோம். மறுபடி முதலிலிருந்தா?

எண்ணோடு வந்த முதல் ஆள், வாழ்க.

நீங்கள் கம்பைல் செய்த டிரைவர், அன்று ஓடிய கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) அளவெடுத்துத் தைத்த சட்டை. அப்டேட்டில் கெர்னல் மாறிவிட்டது, சட்டை சேரவில்லை. டிகேஎம்எஸ் முறையில் போட்டிருந்தால் ஒவ்வொரு புதுக் கெர்னலுக்கும் அதுவே மறுபடி தைத்துக்கொள்ளும்.

ஆனால் உங்களுக்கு அதுவும் வேண்டாம். 2023-ல் வந்த 6.2 கெர்னலிலிருந்து உங்கள் சிப்புக்கான டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. 'யுநேம் -ஆர்' கட்டளையில் கெர்னல் எண்ணைப் பாருங்கள். 6.2 அல்லது அதற்கு மேல் என்றால், கிட்ஹப்பில் எடுத்ததை முதலில் சுத்தமாக நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டும் இருந்தால் ஒரே அடாப்டருக்கு இரண்டு டிரைவர் அடித்துக்கொள்ளும். இன்னும் 5.15-லேயே இருந்தால், 22.04-க்கே புதிய கெர்னல் தரும் ஹெச்டபிள்யூஇ பேக்கேஜைப் போடுங்கள்.

செக்யூர் பூட் (கையெழுத்து இல்லாததை ஓடவிடாத பாதுகாப்பு வசதி) ஆன் ஆகியிருந்தால் இன்னொரு பொறி. நாமே கம்பைல் செய்த டிரைவருக்குக் கையெழுத்து இருக்காது. 'கீ வாஸ் ரிஜெக்டெட் பை சர்வீஸ்' என்று சொல்லிக் கெர்னல் அதை வாசலிலேயே நிறுத்திவிடும். உபுண்டு அதற்கு ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை வரும். அதில் 'என்ரோல் மோக்' (நம் கையெழுத்தைப் பதிவது) தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைத் தரவேண்டும். நம் ஆட்கள் நீலத் திரையைக் கண்டதும் பயந்து என்டர் தட்டிவிடுவார்கள். முதலில் நிற்பது 'கன்டினியூ பூட்'. அவ்வளவுதான், கையெழுத்து ஏறாது. அப்புறம் 'எல்லாம் செய்தேன், வரவில்லை' என்பார்கள்.

லினக்ஸுக்கென்றே புதிதாக வாங்குவதாக இருந்தால் மீடியாடெக் 7612 தேடுங்கள். 2018-ல் வந்த 4.19 கெர்னலிலிருந்தே உள்ளே இருக்கிறது. செருகினால் ஓடும்.

ஓசூரிலிருந்து ஒருவர்: விண்டோஸில் 'கோட் 10' என்று வருகிறது.

டிரைவர் ஏறிவிட்டது, ஆனால் அடாப்டர் கிளம்ப மறுக்கிறது என்று அர்த்தம். டிவைஸ் மேனேஜரில் அன்இன்ஸ்டால் கொடுங்கள், டிரைவரையும் நீக்கும் கட்டத்தில் டிக் போட மறக்காதீர்கள். கழற்றி, சிபியுவின் பின்பக்கப் போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். தனி கரண்ட் இல்லாத ஹப்பில் செருகியிருந்தால் குற்றவாளி அதுவாகவே இருக்கலாம். யூஎஸ்பி 2 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர். அதை நான்கு சாதனங்கள் பங்கு போட்டால் யாருக்கும் வயிறு நிறையாது.

திருவாரூரிலிருந்து ஒருவர்: 5ஜி வைஃபை காட்டவில்லை சார்.

மதுரை அம்மாவுக்குச் சொன்ன பதில்தான்.

சென்னையிலிருந்து ஒருவர்: எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் காப்பி ஓடும்போது மட்டும் வைஃபை அறுந்து அறுந்து வருகிறது. மூன்று டிரைவர் மாற்றிவிட்டேன்.

இந்த மாதிரிக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். டிரைவரை விடுங்கள். யூஎஸ்பி 3 போர்ட்டும் கேபிளும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சலைக் கக்கும். 2012-லேயே இன்டெல் இதை அளந்து வெளியிட்டிருக்கிறது. உங்கள் அடாப்டர் ஹார்ட் டிஸ்கின் பக்கத்துப் போர்ட்டில்தானே இருக்கிறது? ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி அடாப்டரைத் தள்ளி வையுங்கள். டூயல் பேண்ட் என்றால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிவிடுங்கள், இந்தத் தொல்லை அங்கே இல்லை.

பெயர் சொல்லாத ஒருவர்: பக்கத்து வீட்டு வைஃபை பாஸ்வேர்டு எடுக்க எந்த அடாப்டர் நல்லது?

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள்.

தென்காசி ஆசிரியர்: 2013-ல் பள்ளியில் தந்த அரசு லேப்டாப், விண்டோஸ் 7. உள்ளே இருந்த வைஃபை போய்விட்டது. யூஎஸ்பி அடாப்டர் போட்டால் 'கோட் 52'. சிப் 8188இயூஎஸ்.

ஐயா, டிரைவரின் டிஜிட்டல் கையெழுத்தை உங்கள் விண்டோஸால் படிக்க முடியவில்லை. புதிய டிரைவர்களில் ஷா-2 முறையில் கையெழுத்து இருக்கும். அப்டேட் செய்யாத விண்டோஸ் 7-க்கு அது புரியாது. 2015 மார்ச்சில் வந்த கேபி3033929 என்ற அப்டேட்டை வேறு கம்ப்யூட்டரில் இறக்கிப் போடுங்கள். அல்லது அதே சிப்புக்கு அதைவிடப் பழைய டிரைவர் தேடுங்கள். கையெழுத்துச் சோதனையையே நிறுத்தி வைக்கும் வழியை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: 'எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்' என்று வரும் டிரைவர் பேக், டிரைவர் அப்டேட்டர் எதையும் தொடாதீர்கள்.

திருநெல்வேலி சர்வீஸ் கடைக்காரர்: அண்ணாச்சி, நான் 20 வருஷமா கடை வெச்சிருக்கேன். பென்டிரைவ்ல டிரைவர் பேக் இல்லாம ஒரு நாள் ஓடாது. சும்மா ஜனங்களைப் பயமுறுத்தாதீங்க.

பயமுறுத்தவில்லை, பட்டதைச் சொல்கிறேன். லேபில் நான் விடுமுறையில் இருந்த ஒரு வாரம், ஒரு பையன் வைஃபைக்காக 12 சிஸ்டத்தில் பேக் ஓட்டிவிட்டான். வைஃபை வந்தது. கூடவே கேட்காத பிரவுசர் ஒன்றும், 'உங்கள் கணினியில் 347 பிழைகள்' என்று கத்தும் கிளீனர் ஒன்றும் வந்தன. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஆடியோ டிரைவரை மாற்றிவிட்டதில் ஐந்து சிஸ்டம் ஊமையாகிவிட்டது. வேண்டியிருந்தது ஒரு டிரைவர், அது மாற்றியது ஒன்பது.

கடைக்காரர்: டிக்கை எடுத்துட்டு ஓட்டணும் அண்ணாச்சி, அது ஓட்டுறவன் தப்பு. வைஃபை இல்லாத சிஸ்டத்துல டிரைவரை எங்கேருந்து இறக்குவீங்க? கஸ்டமர் வாசல்ல நிக்கிறாரு.

போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் (போன் நெட்டைக் கம்ப்யூட்டருக்குத் தரும் வசதி) ஆன் செய்வேன். ஆண்ட்ராய்டு போனாக இருந்தால் விண்டோஸ் 10, 11-ல் தானாக நெட் வரும். ஐந்து நிமிடத்தில் விண்டோஸ் அப்டேட்டே டிரைவரை எடுத்துத் தரும். பேக் எதற்கு?

கடைக்காரர்: வாத்தியார் வெச்சிருக்கிறது விண்டோஸ் 7. அதுக்கு அப்டேட் 2020-லயே நின்னு போச்சு. இப்போ சொல்லுங்க.

சரி, இது நியாயம். ஒப்புக்கொள்கிறேன். விண்டோஸ் 7-க்கு கையில் டிரைவர் சேமிப்பு வேண்டும்தான். ஆனால் அதன் ஒரே கிளிக் பட்டனை அழுத்தாதீர்கள். ஃபோல்டராக விரித்து வைத்துக்கொண்டு, டிவைஸ் மேனேஜரில் அந்த ஒரு சாதனத்துக்கு மட்டும் 'பிரவுஸ் மை கம்ப்யூட்டர்' கொடுத்து ஃபோல்டரைக் காட்டுங்கள். எண் பொருந்தும் ஐஎன்எஃப் கோப்பை (டிரைவர் விவரக் கோப்பு) அதுவே எடுத்துக்கொள்ளும், மற்றதைத் தொடாது.

கடைக்காரர்: அப்படித்தான் நானும் செய்யறேன்.

அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!

ஈரோட்டிலிருந்து ஒருவர்: இருவர் சொல்வதும் சரிதான் போல.

இல்லை. டிரைவர் அப்டேட்டர் வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. இன்னொன்று, ஃபார்மேட் செய்யும் முன் விண்டோஸ் 10, 11-ல் டிஸ்ம் என்ற கருவியின் எக்ஸ்போர்ட் வசதியில் இருக்கிற டிரைவர்களை ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டால் இந்தச் சண்டையே வராது. கடைக்காரர்கள் இதைச் செய்தால் கோவில் கட்டுவேன்.

புதுச்சேரியிலிருந்து ஒருவர்: எம்1 மேக்புக்கில்...

யூஎஸ்பி வைஃபை அடாப்டரா? வேண்டாம், காசைச் சேமியுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து ஒருவர்: 150 எம்பிபிஎஸ் அடாப்டரில் 35-தான் வருகிறது. ஏமாற்றா?

150 என்பது 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் காற்றில் நடக்கும் கணக்கு. அக்கம்பக்கத்தில் நிறைய வைஃபை இருந்தால் ரூட்டர் 20-க்கு இறங்கிவிடும். அப்போது உச்சமே 72. அதில் பாதிதான் கைக்கு வரும். 35 நல்ல மார்க்.

தஞ்சாவூரிலிருந்து ஒருவர்: போனில் தெரியும் வைஃபை கம்ப்யூட்டரில் தெரியவில்லை.

இது மூன்றாவது முறை. மேலே படித்துவிட்டு வாருங்கள்.

தஞ்சாவூர்காரர்: படித்தேன் சார். என் ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸே கிடையாது, பழசு. பக்கத்து வீட்டுப் பெயர்கள் எல்லாம் தெரிகின்றன, என்னுடையது மட்டும் இல்லை. ரூட்டர் சேனல் 13-ல் இருக்கிறது.

மன்னிக்கணும், அவசரப்பட்டுவிட்டேன். விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். சேனல் என்பது 2.4 கிகாஹெர்ட்ஸுக்குள் வைஃபை ஓடும் தடத்தின் எண். இந்தியாவில் 13 வரை உண்டு; அமெரிக்கக் கணக்கில் அமைத்து வரும் அடாப்டர்கள் 11-க்கு மேல் எட்டிப் பார்க்காது. ரூட்டரில் சேனலை 1, 6, 11 மூன்றில் ஒன்றாக மாற்றுங்கள், உடனே தெரியும்.

விருதுநகர் மாணவர்: அண்ணா, எண் கிடைத்துவிட்டது. விஐடி 0ஏ12, பிஐடி 0001. இரண்டு நாளாக ரியல்டெக், மீடியாடெக் எல்லா டிரைவரும் போட்டுப் பார்த்துவிட்டேன், ஒன்றும் ஏறவில்லை.

ஏறாது தம்பி. அது புளூடூத் டாங்கிள். கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார், அல்லது நீங்கள் மாற்றி எடுத்துவிட்டீர்கள். இரண்டும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். பில் இருந்தால் இன்றைக்கே போய் மாற்றுங்கள். மாற்றித் தராவிட்டால் தூக்கிப் போடாதீர்கள், ஹெட்போனுக்கு ஆகும்.