அந்தக் கேசட் பெட்டியைத் தூக்கிப் போடலாமா?

கேள்வி: 1980களின் கடைசியில் பாஸ்டனில் படித்தேன். அங்கே டபிள்யூ.பி.சி.என். என்ற கிளாசிக் ராக் வானொலியிலிருந்து பதிவு செய்த கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. "இந்தப் பாட்டெல்லாம் போன்லயே இருக்கேப்பா, எதுக்கு இந்தக் குப்பை?" என்கிறான் மகன். வீடு மாறப் போகிறோம். தூக்கிப் போட்டுவிடலாமா? அந்த வானொலியின் கதையையும் கொஞ்சம் சொல்லுங்களேன்.
– ஒரு வாசகர், கோவை

பதில்: போடாதீர்கள். பாட்டைப் பொறுத்தவரை உங்கள் பையன் சொல்வது சரிதான். ஆனால் அந்த வானொலியின் உயிர் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்தான் இருந்தது.

பி.சி.என். என்றால் பாஸ்டன் கான்சர்ட் நெட்வொர்க். மிட்செல் ஹேஸ்டிங்ஸ் 1958இல் தொடங்கியபோது அது மேற்கத்திய சாஸ்திரிய இசைக்கான நிலையம். வருமானம் கையைக் கடித்தது. அதே ஊரில் 'பாஸ்டன் டீ பார்ட்டி' என்ற ராக் அரங்கை நடத்திய வழக்கறிஞர் ரே ரீபென், இரவு நேரத்தைத் தன்னிடம் விடும்படி கேட்டார். 1968 மார்ச் 15 இரவு, கிரீம் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாட்டோடு ராக் உள்ளே நுழைந்தது. கொஞ்ச நாளில் பகலையும் அதுவே பிடித்துக்கொண்டது.

அன்றைக்கு ராஜா ஏ.எம். (மீடியம் வேவ்) வானொலிதான். மூன்று நிமிட ஹிட் பாட்டு, மூச்சுவிடாத அறிவிப்பாளர். எஃப்.எம்.மைச் சீந்த ஆளில்லை. அதனாலேயே அங்கே எதையும் செய்து பார்க்க முடிந்தது. முந்தைய ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோவில் டாம் டொனஹ்யூ என்ற வானொலிக்காரர் காட்டிய வழி அது. எந்த இசைத்தட்டைச் சுழற்றுவது என்று அறிவிப்பாளரே முடிவு செய்வார். ஜே. கைல்ஸ் பேண்ட் என்ற ராக் குழுவின் பாடகராகப் பின்னால் பெயர் வாங்கிய பீட்டர் வுல்ஃப் இங்கே நள்ளிரவு அறிவிப்பாளராக இருந்தவர். 'லிஸனர் லைன்' என்று ஒரு தொலைபேசி வேறு. எதைக் கேட்டாலும் தன்னார்வலர்கள் பதில் தேடித் தருவார்கள்.

எனக்குப் பிடித்தது 1979 கதை. பிப்ரவரியில் நிலையம் கைமாறியது. புது முதலாளிகள் வந்த கையோடு 19 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மற்றவர்களும் வெளியே வந்து வேலைநிறுத்தத்தில் உட்கார்ந்தார்கள். கேட்பவர்கள் அவர்கள் பக்கம் நின்றார்கள், விளம்பரதாரர்களும் பின்வாங்கினார்கள். மூன்று வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்து, நீக்கியவர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. தினமும் காதில் விழுந்த குரல்களுக்காக ஒரு ஊர் செய்த காரியம் இது. பாட்டு மட்டும் போட்டுக்கொண்டிருந்த நிலையத்துக்கு இது நடந்திருக்குமா?

ஒரு சின்னத் திருத்தம். நீங்கள் அங்கே இருந்தபோது கிளாசிக் ராக், அதாவது பழைய ராக் பாட்டு, என்ற பட்டத்தோடு ஒலித்தது 100.7 அலைவரிசையில் இருந்த டபிள்யூ.இஸட்.எல்.எக்ஸ். அது 1985இல் வந்தது. பி.சி.என். புதுப் பாட்டுகளையும் போட்டது. உள்ளூர்க் குழுக்களுக்கு ஆண்டுதோறும் 'ராக் அண்ட் ரோல் ரம்பிள்' என்ற போட்டி நடத்தியது. டில் டியூஸ்டே 1983இல் அதில் ஜெயித்த குழு. பெயர் தெரியாத உள்ளூர்க் குழு ஏதாவது உங்கள் டேப்பில் இருந்தால், அது மகனின் போனில் இல்லாமலே போகலாம்.

1996இல் அமெரிக்கச் சட்டம் மாறி, ஒரு நிறுவனம் நாடு முழுக்க எத்தனை நிலையம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றானது. அதே ஆண்டு பி.சி.என்.னின் காலை நேரம் நியூயார்க்கின் வானொலிப் பேச்சாளர் ஹோவர்ட் ஸ்டெர்னுக்குப் போனது. ஆண்டுக்கணக்காகக் காலையில் ஊரை எழுப்பிய சார்ல்ஸ் லாக்விடாரா இஸட்.எல்.எக்ஸ்.ஸுக்கு மாறினார். 2009 ஆகஸ்டில், விளையாட்டுப் பேச்சு வானொலி ஒன்றுக்கு இடம் பண்ணுவதற்காக அலைவரிசைகளை மாற்றி அடுக்கியபோது, பி.சி.என். தன் 104.1 அலைவரிசையை விட்டுப் போனது. லாபக் கணக்கில் அது சரியாகவே இருந்திருக்கும்.

பதினான்கு வயதில் லிஸனர் லைனில் தொண்டு செய்த பில் லிக்டென்ஸ்டைன், பிற்பாடு அந்த வானொலியைப் பற்றி ஆவணப்படம் எடுத்தபோது, மக்களிடம்தான் டேப்பும் படமும் கேட்டு வாங்கினார். அப்படிச் சேர்ந்தவை மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் அம்ஹெர்ஸ்ட் நூலகத்துக்குப் போயின. உங்கள் பெட்டியும் அந்த வகைதான்.

வேலைக்கு வருவோம். கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். உடைத்துவிடுங்கள், தெரியாமல்கூட யாரும் அதன்மேல் பதிவு செய்ய முடியாது. டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே வேண்டாம், அடுத்த கேசட்டுக்கும் பரவும். அதைத் தனியே எடுத்துவைத்துத் தெரிந்தவர்களிடம் கொடுங்கள். மற்றவற்றை ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றிவிட்டு, பிளேயரின் ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஓட்டுங்கள். எம்.பி.3 வேண்டாம், ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாகச் சேமியுங்கள். விளம்பரத்தையும் வானிலையையும் வெட்டி எறிந்துவிடாதீர்கள், வேண்டியதே அதுதான்! அட்டையில் உங்கள் கையெழுத்தில் தேதி இருந்தால் அதையும் படம் எடுங்கள். யூடியூபில் ஏற்ற வேண்டாம், பாட்டுக்கு உரிமைக்காரர்கள் இருக்கிறார்கள். பட்டியல் போட்டு நூலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வரும்வரை மூலக் கேசட்டைக் கூரியரில் ஏற்றாதீர்கள்.