வாசகர் கேள்வி: வளர்ச்சி உளவியலில் முனைவர் பட்ட ஆய்வு

கேள்வி: எம்.எஸ்சி. உளவியலில் 61 விழுக்காடு பெற்று, கோத்தகிரியில் ஒரு தொண்டு நிறுவனத்தின் மழலையர் மையத்தில் பணிபுரிகிறேன். வளர்ச்சி உளவியலில் முனைவர் பட்டம் பெற நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு கட்டாயமா? மலையிலிருந்தபடியே ஆய்வு செய்ய இயலுமா? பட்டம் பெற்றபின் குழந்தைகளுக்கான சிகிச்சை மையம் தொடங்கலாமா?

– வாசகி, கோத்தகிரி

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம், மற்றவை அதைப் பொறுத்தவை. முனைவர் பட்டம் ஆய்வுக்கான பயிற்சி மட்டுமே. மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த தனிப் பயிற்சியும் பதிவும் வேண்டும். சிகிச்சைதான் உங்கள் நோக்கம் என்றால், ஆய்வேட்டுக்காகப் பல ஆண்டுகள் செலவிடுவது சுற்றுவழியாகும்.

ஆய்வே விருப்பம் எனில், பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022ஆம் ஆண்டு விதிகள் கேட்கும் 55 விழுக்காடு உங்களிடம் உள்ளது. 2024 ஜூன் முதல் நெட் மதிப்பெண்ணைக் கொண்டு முனைவர் பட்டச் சேர்க்கை பெறலாம். நெட்டில் ஆய்வு உதவித்தொகைக்கான தகுதி பெறாதவர்களுக்கு, நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடு, நேர்முகத் தேர்வுக்கு 30 விழுக்காடு என்பது கணக்கு. அவர்களின் மதிப்பெண் சேர்க்கைக்கு ஓராண்டே செல்லும் என்பதால், ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளரைத் தேடுவதைத் தேர்வு முடிவுக்குப் பிறகு என்று தள்ளிப்போடாதீர்கள். ஒரு பேராசிரியர் எட்டு பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நால்வருக்கும் மேல் ஒரே நேரத்தில் வழிகாட்ட முடியாது. ஓய்வுபெற மூன்றாண்டுகளுக்குள் இருப்பவர் புதியவர்களை ஏற்கவும் முடியாது.

நெறியாளருக்கு எழுதும் மடலில் 'குழந்தைகள் மீது ஆர்வம் உண்டு' என்று எழுதுவதால் பயனில்லை. அதை எல்லோரும் எழுதுகிறார்கள். உங்கள் மையத்திலேயே ஒரு கேள்வி கிடக்கிறது. வீட்டில் படுக மொழி பேசிவிட்டு மையத்தில் தமிழில் கதை கேட்கும் நான்கு வயதுக் குழந்தை, அந்தக் கதையைத் திருப்பிச் சொல்லும்போது எந்த மொழியில் நிகழ்ச்சிகளை வரிசை பிறழாமல் கோக்கிறது, எங்கே விட்டுவிடுகிறது? வேறொரு மொழிச் சூழலில் தரப்படுத்திய சோதனையைத் தமிழில் மட்டும் வைத்து அக்குழந்தையைப் 'பின்தங்கியது' எனக் குறிப்பது நியாயமா? இப்படி வயது, சூழல், அளவிடும் முறை மூன்றும் தெளிவாக அமைந்த ஒரு பக்கக் குறிப்பே போதும். பற்றுறவு, அதாவது குழந்தை தன்னைப் பேணுபவரோடு கொள்ளும் பிணைப்பு, பற்றிய ஆய்வில் பெயர்பெற்ற உளவியலாளர் மேரி எயின்ஸ்வொர்த் 1950களில் உகாண்டாவில் வீடு வீடாகச் சென்று தாய்சேய் உறவைக் கவனித்தார். அவர் பின்னாளில் ஆய்வுக்கூடத்தில் செய்தவற்றுக்கு அந்தக் களப்பணியே அடித்தளம். மலைக்கிராமத்தில் உங்களுக்கிருக்கும் பழக்கத்தைக் குறைவாக எண்ண வேண்டாம்.

இடத்தைப் பொறுத்தவரை, பணியளிப்பவரின் தடையின்மைச் சான்றுடன் பகுதி நேரமாகச் சேரவும் விதி இடம் தருகிறது. ஆனால் பாடவேளைக்கு வளாகம் வந்தாக வேண்டும். கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் உள்ளதே என்று தோன்றலாம். மலை என்பதைத் தவிர, கோத்தகிரிக்காரருக்கு அதனால் பயண வசதி ஏதுமில்லை. மேட்டுப்பாளையம் வழியாகக் கோவை உங்களுக்கு எளிது. பாரதியார் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையை முதலில் பாருங்கள்.

இறுதியாக, முன்வரைவிலேயே தீர்க்க வேண்டியது ஒன்றுண்டு. ஆய்வில் சேரும் குழந்தைக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். நீங்கள் பாடம் சொல்லும் குழந்தையின் தாய், ஆசிரியை கேட்கிறாரே என்று மறுக்கத் தயங்குவார்; நெறிமுறைக் குழு அதைக் கட்டாயம் கேட்கும். ஆகவே தரவுகளை நீங்கள் பணிபுரியாத வேறு மையங்களிலிருந்து திரட்டுவதாகத் திட்டமிடுங்கள்.