பூவெளியில் நிற்கும் குதிரை ஒட்டவைத்ததுபோல் தெரிவது பற்றி

வணக்கம். அக்ரிலிக் வண்ணத்தில் தீட்டிய வெள்ளைக் குதிரை பூவெளியின்மேல் வெட்டி ஒட்டியதுபோல் நிற்கிறது, கனவுத்தன்மை வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். குறை குதிரையின் உருவத்தில் அன்று, விளிம்புகளில்தான் இருக்கிறது என்று எண்ணுகிறேன். சுற்றுக்கோடு முழுவதும் ஒரே கூர்மையோடு இருந்தால் கண் அதைத் தனியே பிரித்துவிடும். ஆகவே முகத்தை மட்டும் தெளிவாக விட்டு, பிடரியையும் முதுகையும் வாலையும் பின்னணி நிறம் ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த மென்தூரிகையால் இழுத்துக் கலந்துவிடுங்கள். எங்கள் திருகோணமலையில் கச்சான் என்னும் வறண்ட வெப்பக்காற்று வீசும் மாதங்களில் அக்ரிலிக் மிக விரைவாகக் காய்ந்துவிடும் என்பதால், நான் சன்னலைச் சாத்திவிட்டுத்தான் இந்த வேலையைத் தொடங்குவேன்.

அடுத்தது கால்கள். இங்குள்ள பிரெட்ரிக் கோட்டையில் உயர்ந்த புல்லில் நிற்கும் புள்ளிமான்களைப் பார்த்தால், குளம்பு கண்ணுக்குத் தெரிவதே இல்லை. நீங்களோ நான்கு குளம்புகளையும் அக்கறையாக வரைந்திருக்கிறீர்கள்! அவற்றின்மேல் தண்டுகளையும் சில பெரிய பூக்களையும் தீட்டுங்கள். தொலைவிலுள்ளவை வெறும் நிறத்திட்டுகளாகவே இருக்கட்டும்.

வெள்ளைக் குதிரைக்குத் தூய வெள்ளை ஓரிரு இடங்களில் போதும். வயிற்றின் அடிப்பகுதியில் பூக்களின் இளஞ்சிவப்பும் புல்லின் பச்சையும் மங்கலாகப் படிய வேண்டும். நிழற்பகுதிக்கு நீலம் கலந்த ஊதா பொருந்தும். எல்லாம் காய்ந்தபின், நன்கு நீர்த்த வெள்ளையில் துளி அல்ட்ராமரைன் நீலம் சேர்த்து, தொலைவெளியின்மேல் மட்டும் மெல்லிய படலமாகப் பூசிப் பாருங்கள்.