பேசாதவருக்குப் பதவி உயர்வு இல்லையா?

கேள்வி: தனியார் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் 6 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். இளையவர்கள் சந்தேகம் கேட்டு வந்தால் ஒரு மணி நேரம்கூட விளக்குவேன். ஆனால், ‘கூட்டங்களில் வாய் திறப்பதில்லை’ என்று மதிப்பீட்டில் எழுதிப் பதவி உயர்வை நிறுத்திவிட்டார்கள். கல்யாண வீடுகளிலோ ‘உம்மணாமூஞ்சி’ என்ற பட்டம். நான் என் சுபாவத்தை மாற்றிக்கொள்ள வேண்டுமா?
– வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் வெளியிட்ட நூலில் மனிதர்களை அகமுகர், புறமுகர் என்று பிரித்தபோது, ஒருவருடைய மன ஆற்றல் உள்நோக்கிச் செல்கிறதா, வெளியுலகை நோக்கிச் செல்கிறதா என்பதையே அளவுகோலாகக் கொண்டார். நீங்கள் அகமுகராக இருக்கலாம். கூச்சம் வேறு; பேச ஆசையிருந்தும், பிறர் என்ன நினைப்பார்களோ என்ற அச்சத்தில் நா எழாமல் போவது அது. ஒரு மணி நேரம் விளக்குகிற உங்களுக்கு அந்தத் தொல்லை இருப்பதாகத் தெரியவில்லை.

‘வாயுள்ள பிள்ளை பிழைக்கும்’ என்று சொல்லி வளர்க்கும் ஊரில், வேலைக்கான குழு விவாதத்தில் தொடங்கிப் பதவி உயர்வு வரை முந்திப் பேசுபவருக்கே மதிப்பெண் விழுகிறது என்பது உண்மைதான். ஆனால், கூடிப் பேசினால்தான் நல்ல யோசனை பிறக்கும் என்ற நம்பிக்கையை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1958-இலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நால்வர் ஒன்றாக அமர்ந்து சொன்ன யோசனைகளைவிட, நால்வர் தனித்தனியே யோசித்து எழுதியவற்றைத் தொகுத்தபோது கிடைத்தவை எண்ணிக்கையிலும் தரத்திலும் மேலாக இருந்தன. (இதை மேலாளரிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.)

நீங்கள் செய்யக்கூடியது இதுதான்: கூட்டத்தில் பேசப்போகும் பொருளை முந்தைய நாளே கேட்டு வாங்கி, உங்கள் கருத்தை நான்கு வரியில் மின்னஞ்சலாக அனுப்பிவிட்டு, கூட்டம் தொடங்கிய முதல் பத்து நிமிடத்துக்குள் அதையே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நேரம் போகப் போக இடையில் புகுவது கடினமாகிவிடும். இளையவர்களுக்கு நீங்கள் கற்றுக்கொடுப்பதையும் அடுத்த மதிப்பீட்டுப் படிவத்தில் மறக்காமல் எழுதுங்கள். உங்களுக்காக வேறு யாரும் எழுதப்போவதில்லை.

கல்யாண வீட்டுக்கு என் சொந்த அனுபவத்திலிருந்து ஒரு வழி சொல்கிறேன். மொய் எழுதும் மேசையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வருகிறவர்கள் பெயரையும் ஊரையும் தொகையையும் சொல்லிவிட்டுப் பந்திக்கு நகர்ந்துவிடுவார்கள். ‘ஏன் பேசவே மாட்டேன் என்கிறாய்?’ என்று அங்கே என்னை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.